இரவல் கை

அவளுக்குத் துடுப்பு என்று பெயர் வைத்தது அண்ணன்தான். பிறக்கும்போதே மூச்சுத் திணறி, இடப்பக்கம் முழுவதும் இழுத்துக்கொண்ட பிள்ளை அவள். இடது கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்ளும். இடது குதிகால் தரையைத் தொடாது. உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்ல, நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டார்கள். ஒற்றைக் கையால் தள்ளினால் வட்டமடித்து இறக்கிவிட்ட இடத்துக்கே வந்து சேருவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளோ நேராகப் போய் எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஒரே துடுப்ப வச்சிக்கிட்டு எப்படிடீ நேரா போற?" என்று கரையில் நின்று வாயைப் பிளந்தான் அண்ணன். அன்று ஒட்டிய பெயர் வீட்டிலும் குளத்திலும் நிலைத்துவிட்டது.

இப்போது அவளுக்கு முப்பதை நெருங்குகிற வயது. வாடகைக் கார் நிறுவனம் ஒன்றில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள், எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து அனுப்ப வேண்டும். குரல் மட்டும் போதும் என்கிற வேலை. "அந்த நாற்காலில உக்காந்துட்டா எனக்கு ஊனமே கிடையாது" என்பாள். அதிகாலையில் குளம், பிறகு அலுவலகம், சாயங்காலம் மறுபடியும் குளம்.

அண்ணன் பிசியோதெரபிஸ்ட் ஆனதே அவளால்தான் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அது பொய்யில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்திப் பழகியவன் அவன். அவளுடைய எந்தத் தசை எப்போது முறுக்கிக்கொள்ளும், எப்போது விட்டுக்கொடுக்கும் என்பது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அவனுக்குச் சொந்தமாகச் சிகிச்சையறை இருந்தது. நீச்சல் அணிக்கும் அவன்தான் பிசியோ.

ஊனமுள்ளவர்களின் நீச்சலில் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி விசில் ஊதிவிட முடியாது. இரண்டு காலும் இல்லாதவரும் இரண்டு விரல் இல்லாதவரும் சேர்ந்து குதித்தால் அதற்குப் பெயர் போட்டியில்லை. அதனால் முதலில் ஒரு பரிசோதனை உண்டு. மருத்துவர் கட்டிலில் படுக்கவைத்து ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்ப்பார், தள்ளச் சொல்வார், இழுக்கச் சொல்வார். பிறகு தண்ணீரில் இறக்கிப் பார்ப்பார்கள். கடைசியாக, போட்டியில் நீந்துவதையும் கரையில் உட்கார்ந்து கவனிப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு பிரிவு எண் கொடுப்பார்கள். எண் குறைந்தால் ஊனம் அதிகம். துடுப்புக்குக் கிடைத்தது ஏழு. பல வருடங்களாக ஏழாம் பிரிவில் அவளை முந்த ஆள் இல்லை.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் அச்சாணி ஒரே ஒரு வாக்கியம்: "உங்களால முடிஞ்ச மட்டும் தள்ளுங்க." முடிந்தது எவ்வளவு என்பது தள்ளுகிறவருக்குத்தானே தெரியும்?

குருவி குளத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபதுகூட ஆகவில்லை. மெலிந்த உடம்பு, ஓயாத வாய். வந்த முதல் வாரத்திலேயே நீச்சல் பயிற்சி தரும் மாஸ்டர் அந்தப் பெயரை வைத்துவிட்டார். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதில் இடப்பக்கம் பலவீனமாகி, முக்கால்வாசி தேறிவிட்டவள். விபத்துக்கு முன்னால் பள்ளி அணியில் நீந்தியவள் வேறு. பரிசோதனையில் அவளுக்கு ஒன்பது கொடுத்தார்கள். ஒன்பதில் கிட்டத்தட்ட முழு உடம்புக்காரர்கள். அவர்கள் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதுதான் குருவி வந்து சுவரைத் தொடுவாள். முதல் போட்டி முடிந்ததும் உடை மாற்றும் அறையின் மூலையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

துடுப்புதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எதுக்கு இப்ப அழுகை? குளத்துல இருந்த தண்ணி பத்தலையா?"

"எனக்கு ஒன்பது குடுத்தது நியாயமாக்கா? என் கை அவங்க கை மாதிரியா இருக்கு?"

அது நியாயமான கேள்வி என்றுதான் துடுப்புக்கும் பட்டது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கோடு போட்டவர்கள் குருவியை மனதில் வைத்துப் போடவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் எட்டில் முதல் மூன்றுக்குள் வந்திருப்பாள். அந்தப் பக்கம் விழுந்ததால் கடைசி. யாரைக் குற்றம் சொல்வது?

அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் மூச்சு இழுத்தால் உடம்பு சாயாது என்று துடுப்பு சொல்லிக்கொடுத்தாள். தன் பழைய நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தாள். வெளியூர்ப் போட்டிகளில் ஒரே அறை. குருவி சளசளவென்று பேசிக்கொண்டே தூங்கிப்போவாள். கூடப் பிறந்த தங்கை இல்லாத குறை தீர்ந்ததுபோல் இருந்தது துடுப்புக்கு.

ஒருநாள் பயிற்சி முடிந்து துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது குருவி கேட்டாள். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? குளிர்ல உங்க கை எப்படி ஆகும்? எனக்கு ஆகறது சரிதானான்னே தெரியல."

துடுப்பு தன் கையைப் பற்றி யாரிடமும் பேசுகிறவள் இல்லை. இவளிடம் பேசினாள். "கட்டைவிரல் முதல்ல உள்ள போய் ஒளிஞ்சுக்கும். மத்த விரல் எல்லாம் அது மேல மூடிக்கும். யாராவது வேகமா கையை நீட்டினா நடுவுல ஒரு இடத்துல வெடுக்குனு பிடிச்சுக்கும். மெதுவா நீட்டினா விட்டுக்குடுக்கும். இன்னொரு வேடிக்கை தெரியுமா? நான் தூக்குன்னா தூக்காத கை, கொட்டாவி விட்டா தானா மேல ஏறும்."

"கொட்டாவிக்கா!" குருவி விழுந்து விழுந்து சிரித்தாள். துடுப்பும் சிரித்தாள். குருவி பொய்யாக ஒரு கொட்டாவி விட்டுக் கையைத் தூக்கிக்காட்ட, இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து, குருவியின் நிலைமை மோசமாகிவிட்டது, தசை இறுகிக்கொண்டு வருகிறது என்று மாஸ்டர் நீச்சல் சங்கத்துக்கு எழுதினார். மறுபரிசோதனை நடந்தது. முடிவு வந்தது. ஒன்பதிலிருந்து ஏழு! அவ்வளவு மோசமாகிவிட்டதா இந்தப் பெண்ணுக்கு? அலுவலகத்திலிருந்து நேராகக் குளத்துக்கு ஓடினாள்.

"வலிக்குதாடீ? டாக்டர் என்ன சொல்றாரு?"

குருவி அவள் முகத்தைப் பார்க்காமல், "பரவாயில்லக்கா, பழகிடும்" என்றாள்.

"இனி ரெண்டு பேரும் ஒரே பிரிவு. உனக்கு நான், எனக்கு நீ. கவலைப்படாதே."

வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அடுத்து வந்தது. ஏழில் ஒருத்திக்குத்தான் இடம். காலையில் முதல் சுற்றில், பரிசோதகர்கள் கரையில் உட்கார்ந்து பார்க்க, குருவி இடது கையை இழுத்துக்கொண்டு தத்தளித்து, கடைசி ஆளாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தாள். பரிசோதகர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்கள், பிரிவு உறுதியாகிவிட்டது.

மாலையில் இறுதிச் சுற்று. துடுப்பு பாதி தூரம்வரை தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். மூச்சுக்குத் தலையைத் திருப்பியபோது பக்கத்துத் தடத்தில் ஒரு கை எழுந்து தண்ணீரில் இறங்கியது. இடது கை. நீண்ட, நேரான இடது கை. அடுத்த மூச்சுக்குத் திரும்பியபோது அந்தத் தடத்தில் நுரை மட்டும்தான் இருந்தது. துடுப்பு சுவரைத் தொட்டபோது குருவி ஏற்கெனவே கரையேறி மாஸ்டரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதும் துடுப்பு தப்பாக நினைக்கவில்லை. நல்ல நாளாக இருந்திருக்கும், பிள்ளைக்கு வெறி வந்திருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லத்தான் உடை மாற்றும் அறைக்குப் போனாள். குருவி கண்ணாடி முன் முதுகு காட்டி நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், ஈரக் கூந்தலை முறுக்கி, பல்லில் கவ்வியிருந்த ரப்பர் வளையத்தை எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டை போட்டாள். இடது கைவிரல்கள் மல்லிகை தொடுப்பதுபோல் ஓடின.

தலை பின்ன முடியாது என்பதாலேயே பிறந்ததிலிருந்து கிராப்பு வெட்டிக்கொண்டிருப்பவள் துடுப்பு. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கண்ணாடியில் அவளைப் பார்த்த குருவி சட்டென்று கையை இறக்கினாள். பிறகு ஏனோ நிம்மதியாகச் சிரித்தாள். "நீங்களா! நான் பயந்துட்டேன்க்கா."

"உன் கை..."

"உங்க அண்ணன் சொன்னாரு, உங்களுக்கு எல்லாம் தெரியும், நீங்க சரின்னுட்டீங்கன்னு." துடுப்பின் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரிப்பு உதட்டிலேயே செத்தது. "அக்கா? உங்களுக்குத் தெரியாதா?"

துடுப்பு தலை துவட்டவில்லை. ஈரம் சொட்டச் சொட்டச் சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணனின் சிகிச்சையறைக்குப் போனாள். அவன் மெத்தை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தான். சுவரில் எடைக்கற்களும் ரப்பர் பட்டைகளும் ஒழுங்காகத் தொங்கின. அவளைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உக்காரு."

"நீயா சொல்லிக்குடுத்த?"

அவன் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தான். "அவளுக்கு ஒன்பது குடுத்தது தப்பு. உனக்கே தெரியும்."

"அப்ப எட்டு கேக்க வேண்டியதுதானே. ஏழு எதுக்கு?"

"எட்டுல ஏற்கெனவே நம்ம மாஸ்டரோட ஆள் ஒருத்தி இருக்கா. ஏழுலதான் இடம் இருந்துச்சு."

"ஏழுல நான் இருந்தேன்!"

"நீ இருந்தே. ஆனா உன் வேகத்துக்கு வெளிநாட்டுல இறுதிச் சுற்றே எட்டாது. எத்தனை வருஷமா பாத்துட்டோம்? அவ போனா பதக்கம் வரும். அணிக்குப் பேரு வரும். அணி பிசியோவா என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு மாஸ்டர் வாக்குக் குடுத்திருக்காரு. நானும் எத்தனை நாள்தான் இந்த நாலு சுவத்துக்குள்ள முழங்கால் தேய்ச்சிக்கிட்டே இருக்கறது?"

"எப்படி சொல்லிக்குடுத்த?" அது ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு. "வேகமா நீட்டினா எங்க பிடிக்கணும், மெதுவா நீட்டினா எங்க விடணும், அதெல்லாம் எப்படி சொன்ன?"

அண்ணன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "உன்னை வச்சுத்தான். வேற யாரோட கையை எனக்கு அவ்வளவு தெரியும்?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இருபத்தைந்து வருடம் பிடித்து நீவிய கையை மனப்பாடம் செய்து, ஊராருக்கு வேஷம் கட்ட வாடகைக்கு விட்டிருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி, பயிரை மேய்ந்ததோடு விதையையும் விற்றுவிட்டது.

"நான் சரின்னு சொன்னேன்னு அவகிட்ட சொல்லியிருக்கே."

"இல்லேன்னா அவ ஒத்துக்கிட்டிருக்க மாட்டா. உன் மேல அவ்வளவு பாசம் அவளுக்கு."

அம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "வெளிய சொல்லிடாதேம்மா. அவன் தொழிலே போயிடும். அண்ணன்தானே? நீ தோத்தா ஒரு பதக்கம் போகும், அவன் மாட்டினா குடும்பமே நடுத்தெருவுக்கு வரும்."

"அண்ணன்தானேங்கறதுதான்மா பிரச்சினையே" என்றாள் துடுப்பு. மறுநாளே சங்கத்தில் முறையீடு கொடுத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

விசாரணை சங்க அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேசையின் ஒருபுறம் தலைமை மருத்துவரான பெண்மணியும் செயலாளரும். மறுபுறம் மாஸ்டர், அண்ணன், குருவி. துடுப்பு பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். குருவி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டபோது, "நான் ஒண்ணும் செய்யல" என்று முனகினாள். அருகில் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

பிறகு அண்ணன் எழுந்தான். குரல் தழுதழுக்கப் பேசினான். "என் தங்கச்சி பொய் சொல்ற பொண்ணு இல்ல மேடம். ஆனா இத்தனை வருஷம் முதல்ல வந்துட்டு ஒருநாள் தோத்தா யாருக்கும் தாங்காது. மனசு எதை எதையோ கற்பனை பண்ணிக்கும். அவ மேல கோபப்படாதீங்க. வீட்டுல நாங்க பாத்துக்கறோம்."

திட்டியிருந்தால் துடுப்பு பதிலுக்குத் திட்டியிருப்பாள். அவனோ இரக்கப்பட்டான். இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? அறையில் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது அவளை ஒரு மாதிரி பரிவோடு பார்த்தார்கள்.

வாய்ப்பேச்சில் தீராது, இரண்டு பேரையும் மறுபடி சோதிக்கலாம் என்றார் மருத்துவர். முதலில் குருவி. பரிசோதனை அறைக்கும் நடைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. துடுப்பு வெளியே நாற்காலியில் காத்திருந்தாள். உள்ளே மருத்துவர் குருவியின் கையை வேகமாக நீட்டினார். நடுவில் வெடுக்கென்று பிடித்துக்கொண்டது. மெதுவாக நீட்டினார், விட்டுக்கொடுத்தது. கட்டைவிரல் உள்ளே ஒளிந்தது. மற்ற விரல்கள் அதை மூடின. தன் கையையே இன்னொருத்தியின் தோளில் தைத்துவைத்ததுபோல் இருந்தது துடுப்புக்கு.

மருத்துவர் குறித்துக்கொள்ளத் திரும்பினார். அப்போது குருவி வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள். இடது கை மெல்ல, தன்போக்கில் மேலே ஏறியது.

மருத்துவர் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே கரைந்துபோனதைத் துடுப்பு கண்ணாடி வழியாகக் கண்டாள். இது நடிப்பில் வருகிற சங்கதியா? புத்தகம் படித்த மருத்துவருக்குத் தெரியும், வராது. அண்ணன் சொல்லிக்கொடுத்ததில்கூட அது இருந்திருக்காது. பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே, அதைக் கொடுத்தது அவளேதான்.

அடுத்து அவள் முறை. கட்டிலில் ஏறிப் படுத்தாள். "உங்களால முடிஞ்ச மட்டும் தள்ளுங்க" என்றார் மருத்துவர்.

இந்த நொடியில் முழங்கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? ஊரே செய்கிறது. கை ஒரு கணம் தயங்கியது. ஆனால் அந்தக் கையை அவ்வளவு தூரம் நீட்டவைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதையும் ஒரு வேஷமாக்க மனம் வரவில்லை. கூடவே கோபம் வேறு நெஞ்சு முட்ட இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணன் முகத்தையே தள்ளுவதுபோல் தள்ளினாள். மருத்துவரின் கை பின்னுக்குப் போனது.

"நல்ல பலம்" என்று அவர் பாராட்டினார்.

முடிவை அடுத்த நாள் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். குருவி ஏழிலேயே நீடிக்கிறாள். துடுப்பு இனி எட்டு.

"எட்டா? நான் பிறந்ததுலேர்ந்து இப்படித்தானே சார் இருக்கேன்?"

"இத்தனை வருஷப் பயிற்சில முன்னேறியிருக்கீங்கம்மா. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே" என்றார் செயலாளர். கேலி பேசவில்லை, மனதார வாழ்த்தினார் மனிதர்.

அந்த வாரமே துடுப்பு பெட்டியைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போனாள். அம்மா வாசல்வரை வந்து அழுதாள், நிறுத்தவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு நண்பகலில் அவள் காதில் ஓர் அழைப்பு வந்தது. "விமான நிலையம் போகணும். மூணு பேர். சாமான் நிறைய இருக்கு, பெரிய வண்டியா வேணும்." முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. பின்னால் குருவியின் சிரிப்பும் கேட்டது.

"எங்கேர்ந்து ஏறுறீங்க சார்?"

"துடுப்பு?"

"ஏறுற இடம் சொல்லுங்க சார்."

அவன் சிகிச்சையறை இருக்கும் தெருவைச் சொன்னான். அவள் தட்டச்சு செய்தாள். "போயிட்டு வந்து பேசறேன்மா. உன்கிட்ட நான்..."

"வண்டி கிளம்பிடுச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வைத்துவிட்டான். அவள் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். குருவி அந்தப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். செய்தித்தாளில் படம் வந்தது. பக்கத்தில் அண்ணன், அணியின் சட்டையில். அலுவலகத்தில் ஒருவர் அதைக் கொண்டுவந்து காட்டி, "உங்க அண்ணன்தானே? வாழ்த்துக்கள்" என்றார். அவளும் நன்றி சொன்னாள்.

எட்டாம் பிரிவில் அவளுடைய முதல் போட்டி மழைக்காலத்தில் வந்தது. பக்கத்துத் தடத்துப் பெண் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, துடுப்பை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானே ஏழுல வருஷா வருஷம் முதல்ல வந்தவங்க?"

"ஆமா."

"இப்பதான் எட்டுக்குப் போட்டாங்களாமே. இத்தனை வருஷம் யாரும் கண்டுபிடிக்கவே இல்லையா?"

துடுப்புக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது மடல்வரை எரிந்தது. எண் மாறியதும், பின்னால் இருந்த வருடங்கள் எல்லாம் சேர்ந்து மாறிவிட்டன. வாங்கிய பதக்கம் ஒவ்வொன்றும் இப்போது திருட்டுப் பொருள். இதை அண்ணனும் யோசித்திருக்க மாட்டான், குருவியும் யோசித்திருக்க மாட்டாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

ஆறாவதாக வந்தாள். எட்டுக்காரர்களின் வேகம் வேறு. பாதியிலேயே அவர்களின் பாதங்கள்கூடக் கண்ணில் படவில்லை. ஆனாலும் நேராகத்தான் போனாள், சுவரைத் தொட்டாள், ஏணியைப் பிடித்து ஏறினாள். பக்கத்துத் தடத்துப் பெண் இரண்டாவதாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து காலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

துடுப்பு மூச்சிரைக்க அவள் முன்னால் போய் நின்றாள். "நான் ஏமாத்தல."

அந்தப் பெண் பட்டையை இறுக்கிக்கொண்டே, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் சொன்னாள். "எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. நான் யாரை நம்பறது?"

துடுப்புக்கே அந்தக் கேள்வி இருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நம்ப வேணாம்" என்றாள். "அடுத்த போட்டிக்கும் பேர் குடுத்திருக்கேன். பக்கத்துலதான் நீந்துவேன். பாத்துக்கங்க."